டிங்கி இல்லை என்று நான் சொன்னது

போன வாரம், ரெக்கார்டு அறையில் இப்போது வேலை பார்க்கும் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொன்னால் அவளுக்குச் சங்கடம், விட்டுவிடுகிறேன். டாக்டர் டிஸ்சார்ஜ் தாளில் வைரஸ் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாராம். ஃபைலின் கடைசியில் செருகிக் கிடக்கும் லேப் சீட்டு டிங்கி என்கிறதாம். டாக்டர் லீவில் இருக்கிறார், மாதக் கணக்கை நாளைக்குள் அனுப்ப வேண்டும், எந்த நோய்க்குக் கோட் எண் போடட்டும் அக்கா என்று கேட்டாள்.

நான் கத்திவிட்டேன். டாக்டரைக் கேட்காமல் என்னை எதற்குக் கேட்கிறாய், லீவில் இருந்தால் அவர் கையில் போன் இருக்காதா, மாதக் கணக்கு ஒரு நாள் தாமதமானால் மலை இடிந்து விழுந்துவிடுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவள் பாவம், சரிக்கா சரிக்கா என்று போனை வைத்துவிட்டாள். ஓய்வு பெற்ற கிழவிக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று நினைத்திருப்பாள். அவளிடம் சொல்லாததை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

நாம் செய்யும் வேலை இன்னதென்று என் கூடப்பிறந்த அண்ணனுக்கே கடைசிவரை விளங்கவில்லை. தங்கச்சி ஆஸ்பத்திரியில் ஃபைல் அடுக்குகிறாள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுக்குவதும் உண்டுதான். ஆனால் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய ஃபைல் நம் மேசைக்கு வந்து, டாக்டர் எழுதிய நோய்க்கு உலகம் முழுக்கப் புழங்கும் ஓர் எண்ணைப் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் இல்லையா, அதுதான் நம் பிழைப்பு. இன்னதென்று தெரியாத வைரஸ் காய்ச்சலுக்கு ஓர் எண். டிங்கிக்கு வேறோர் எண். டிங்கி எண் விழுந்தால் சுகாதார அலுவலகத்துக்குப் போன தகவல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வார்டில் யாராவது தகவல் கொடுக்க மறந்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். அப்புறம்தான் ஆட்கள் அந்த வீட்டுப் பக்கம் போய்த் தண்ணீர் பிடித்து வைக்கிற தோங்குப் பீப்பாயையெல்லாம் கவிழ்த்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. கேமரன் மலை மேல் என்பது போதும். தப்பு என்னுடையது, கட்டடத்தினுடையது இல்லை.

நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா மருந்தடிக்கும் வேலை, அம்மா கொழுந்து எடுத்தவர். கவுண்டரில் உட்கார்ந்தபோது ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். மலாயில் எழுதிய தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அக்கா இருக்காங்களா என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இருக்கத்தானே செய்யும்? டாக்டர் பத்து நிமிஷம் சொல்லியும் புரியாததை நான் ரெண்டு வார்த்தையில் சொல்லி அனுப்புவேன். அந்த ரெண்டு வார்த்தைதான் எனக்கு வினையாக வந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவள், யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பில் இருந்தேன். ஒரு காலை சரோஜா என்ற பெண்ணின் ஃபைலைத் திறந்தேன். கொழுந்து எடுக்கிறவள், முப்பத்தெட்டு வயது. காய்ச்சலோடு வந்து வார்டில் ரெண்டு நாள் கிடந்து, தேறி வீட்டுக்குப் போயிருந்தாள். டிஸ்சார்ஜ் தாளில் வைரஸ் காய்ச்சல். எழுதிய இளம் டாக்டர் அன்றோடு மாற்றலாகி மலைக்குக் கீழே போய்விட்டார். அவள் வீட்டுக்குப் போன பிறகு வந்த லேப் சீட்டை யாரோ ஃபைலின் கடைசியில் சேர்த்திருந்தார்கள். டிங்கி என்று தெளிவாக இருந்தது.

விதி நமக்குத் தெரியும். லேப் சீட்டை வைத்து நாமாக நோயை முடிவு செய்யக் கூடாது. டாக்டரைக் கேட்டு, அவர் திருத்தி எழுதிய பிறகுதான் எண் போட வேண்டும். நான் அந்த டாக்டருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று ஃபைலை வலது பக்கம் ஒதுக்கி வைத்தேன். இதுவரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மனசுக்குள் ஒரு முனகல் மட்டும் இருந்தது. இந்தக் குளிரில் டிங்கிக் கொசு எங்கே வரப்போகிறது? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மத்தியானத்திலும் கம்பளி போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். டிங்கி கீழ்நாட்டு வியாதி, தாப்பாவில் வரும், ஈப்போவில் வரும், மலைக்கு ஏறாது என்பது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய எண்ணம். இப்போது மலை மேல் பிரிஞ்சாங்கில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியவில்லை என்று புலம்புகிற அதே ஆட்கள்தான், கொசு விஷயத்தில் மட்டும் பழைய குளிரையே நம்பிக்கொண்டிருந்தோம்.

பதினோரு மணி இருக்கும். சரோஜாவின் புருஷன் முருகையா கவுண்டருக்கு வந்தான். மருந்தடிக்கிற வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், காலில் பூட்ஸ், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். சம்சாரம் வேலைக்கு வராத நாட்களுக்கு என்ன நோய் என்று எழுதிய தாள் வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கேட்டிருக்கிறார். டிஸ்சார்ஜ் தாளை மழையில் நனைத்துவிட்டார்களாம். இது தினம் வருகிற வேலை. ஃபைலைத் தேடவே வேண்டாம், என் வலது கைப்பக்கம்தான் இருந்தது.

அவன் தாளுக்காக மட்டும் வரவில்லை. கவுண்டர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, லைன்ல எல்லாரும் டிங்கி டிங்கின்னு பேசிக்கிறாங்க. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு. டிங்கி இல்லதானேக்கா?"

அந்த முகத்தை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். என் அப்பாவின் முகத்தில், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதே பயத்தைப் பார்த்திருக்கிறேன். சரோஜா தேறி வீட்டுக்குப் போய்விட்டாள். கஞ்சி குடிக்கிறாள், எழுந்து நடக்கிறாள். இனி இவனைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. டிங்கி என்றால் ஆட்கள் வந்து வீடு வீடாகச் சோதிப்பார்கள், அபராதச் சம்மன் எழுதுவார்கள், உன்னால்தான் வந்தது என்று லைன்காரர்கள் இவனைப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் எழுதியதோ வைரஸ் காய்ச்சல். எழுதியதைத்தானே சொல்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, சாதாரண காய்ச்சல்தான்லா. பயப்படாதீங்க. போயி அவங்களுக்கு நல்லா சாப்பிடக் குடுங்க" என்றேன்.

அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. வைரஸ் காய்ச்சல் என்று போட்ட தாளை வாங்கிக்கொண்டு, உங்க வாயால கேட்டா போதும்க்கா என்று கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு ஏழை மனுஷனின் பாரத்தை இறக்கி வைத்த திருப்தியில் காண்டீனில் போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த ஃபைல் மேசைமேல் இருந்தது. டாக்டருக்கு மறுபடி போன் செய்திருக்கலாம். அவர் எடுத்து, ஆமாம் டிங்கிதான், திருத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டால்? முருகையாவிடம் நான் சொன்னது பொய் ஆகிவிடும். அவனைத் தேடிப் பிடித்து, தம்பி நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டிவரும். நான் போன் செய்யவில்லை. இன்னதென்று தெரியாத வைரஸ் காய்ச்சலுக்கான எண்ணைப் போட்டேன், ஃபைலை மூடினேன், அலமாரியில் வைத்தேன். மாதக் கணக்கில் அது ஓசையில்லாமல் போய்ச் சேர்ந்தது. வாயால் சொன்னதைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி நானே உண்மையாக்கிவிட்டேன். வேலைப் பளுவில் நடந்த பிசகு என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய்ப்பே இல்லை.

மூன்று வாரம் போயிருக்கும். நல்ல மழை பிடித்த நாட்கள். ஒரு பிற்பகல் அவசரப் பிரிவிலிருந்து ரெக்கார்டு அறைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். பேசியவர் அங்கே பணியில் இருந்த டாக்டர், மலாய்க்காரப் பெண், நிதானமானவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு வேகமாகப் பேசினார். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை மயக்க நிலையில் கொண்டுவந்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, ரத்தத் தட்டணுக்கள் மோசமாகக் குறைந்திருக்கின்றன, ஈறில் ரத்தம் கசிகிறது. கர்ப்பத்தினாலேயே வரும் ஒரு கோளாறும் இப்படித்தான் இருக்கும், அதுவானால் உடனே கீழே அனுப்பிக் அறுவை செய்து குழந்தையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். டிங்கியானால் கத்தி வைக்கவே கூடாது, ரத்தம் நிற்காது. டிங்கிக்கான துரித டெஸ்ட் எடுத்தாயிற்று, டிங்கிக் கோடு விழவில்லை. காய்ச்சல் கண்டு ஐந்து நாள் ஆகிவிட்டால் அந்த டெஸ்ட் ஏமாற்றுவது உண்டு. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை அறையைத் தயார் செய்துகொண்டு இன்னொரு போனில் காத்திருக்கிறார்கள்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். இந்தத் தோட்டத்து லைனிலிருந்து சமீபத்தில் டிங்கி கேஸ் ஏதாவது வந்திருக்கிறதா, கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லுங்கள்.

தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னார். முருகையா வீட்டுக்கு அடுத்த வீடு. நான் தட்டிப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, பதில் எனக்குத்தான் தெரியுமே. திரையில் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளே, ரொம்பச் சுலபமான ஒரு வழி அப்போது எனக்கு முன்னால் இருந்தது. இல்லை டாக்டர் என்று சொல்லிவிடலாம். அது பொய்கூட இல்லை. கேட்டது கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று, கம்ப்யூட்டரில் இல்லை. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. பக்கத்து மேசையில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் இல்லை, ஆனால் கேஸ் இருக்கிறது, அடுத்த வீடு, மூன்று வாரம்தான் ஆகிறது, நான் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன், லேப் சீட்டு ஃபைலில் இருக்கிறது, இதோ கொண்டுவருகிறேன் என்று மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். டாக்டர் சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொன்னார்.

ஐம்பத்தொன்பது வயதில் நான் ஓடினேன். மூட்டு வலிக்காரி, படியில் இறங்கினாலே கடவுளைக் கூப்பிடுகிறவள், அந்த நடைபாதை முழுக்க ஓடினேன். அவசரப் பிரிவில் எல்லோர் முன்னாலும் அந்தச் சீட்டை நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்தபடியே கீழே இருந்தவர்களிடம் பேசினார். அடுத்த வீட்டில் டிங்கி உறுதியாகியிருக்கிறது, இதையும் டிங்கி என்றே வைத்துப் பார்க்கிறோம், கத்தி வேண்டாம், முதலில் இங்கே நிலைப்படுத்தி அனுப்புகிறோம் என்றார். நர்ஸ் மிஸ்ஸிகள் கையில் ஊசி போட்டுச் சலைன் சொட்டு ஏற்றினார்கள். அத்தனை நேரமும் கட்டிலில் கிடந்த பெண்ணை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் பார்த்தபோது தலைமுடி ஈரமாக இருந்தது, கழுத்தோரம் மஞ்சள், முடியில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் பெயர் கவிதா. இருபத்து மூன்று வயது. கீழ்நாட்டுப் பீடோரிலிருந்து வாழ வந்தவள், கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். வெளியே பெஞ்சில் அவள் மாமியார் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவரே சொன்னார். காய்ச்சல் அடித்த மூன்றாம் நாள் உடம்பு முழுக்கச் சிவந்து பொரிந்திருக்கிறது. சரோஜாவுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் டிங்கி இல்லை, சாதாரண காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே இது அம்மைதான், வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். மாத்திரை கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை, தாளிக்கவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் சட்டென்று விட்டது. அம்மா இறங்கிவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒற்றைப்படை நாளாகவும் இருந்ததால் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாவது செம்பு ஊற்றும்போது அவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

வார்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். அதைத்தான் அந்த வீட்டில் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி யாராவது மூடத்தனம் அது இது என்று என் முன்னால் பேசினால் நான் சும்மா விடமாட்டேன். அவர்கள் ஆஸ்பத்திரியை நம்பாமல் அதைச் செய்யவில்லை, நம்பித்தான் செய்தார்கள். இன்ன நோய் என்று நாம் பெயர் சொல்லாமல் அனுப்பினோம், அவர்களுக்குத் தெரிந்த பெயரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நான் வளர்ந்த வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அன்று சாயங்காலமே கவிதாவைக் கீழே கொண்டுபோனார்கள். கத்தி வைக்கவில்லை. அங்கே எடுத்த வேறு டெஸ்ட்டில் டிங்கி என்று உறுதியானது. அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தையின் இதயத் துடிப்பு மறுநாள் நின்றுவிட்டது. பெண் குழந்தை. கொண்டுவரும்போதே நேரம் கடந்திருந்தது, ஒரு நாள் முன்னால் வந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

மறுநாள் காலை எங்கள் பிரிவின் தலைவியிடம் போய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் மலாய்க்காரர்தான், என்னைவிட ரெண்டு வயது சின்னவர், நாங்கள் சேர்ந்து சாப்பிடாத நாள் கிடையாது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னோடு உட்கார்ந்து திருத்தப் படிவத்தை வரி வரியாக நிரப்பினார். மாற்றலாகிப் போன டாக்டருக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவையில் எடுத்தார் அந்தப் பிள்ளை. ரெண்டு நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிட்டது. ரெண்டே நிமிஷம். சுகாதார ஆட்கள் அன்றைக்கே லைனுக்குப் போனார்கள், வீட்டுக்குப் பின்னால் மூடாமல் வைத்திருந்த தண்ணீர்த் தோங்குகளில் புழு நெளிந்தது. வேறு யாருக்கும் வராமல் தடுக்க முடிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, அவனைப் பார்த்து எனக்கு இரக்கமாகிவிட்டது என்று தலைவியிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவன் மேல் இரக்கப்பட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லி, கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருப்பாய், அவன் முகம் வாடுவதைப் பார்க்க உனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான் என்றார். இத்தனை வருஷச் சிநேகிதி இப்படிச் சொல்லிவிட்டாரே என்று அன்றைக்கு அழுதேன். சரியாகத்தான் சொன்னார். எழுத்து மூலமாக எனக்கு ஓர் எச்சரிக்கையும் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்கும் இந்தச் சோதனை வரும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் உங்கள் பாஷை பேசுவார், உங்கள் ஊர்க்காரராக இருப்பார், உங்கள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று பார்ப்பார். உங்கள் கையிலோ இன்னும் முடிக்காத ஒரு ஃபைல் இருக்கும். அந்த நேரத்தில், "இன்னும் உறுதியாகவில்லை, டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே கூட்டி வாங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அவர் முகம் வாடும். வாடட்டும். நாமும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஏற்கனவே தவறாக ஏதாவது சொல்லிவிட்டீர்களா, அன்றைக்கே தேடிப் போய் மாற்றிச் சொல்லுங்கள். மானம் போகும், போகட்டும், ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

கவிதா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். போகாதே என்று என் வீட்டுக்காரர் சொன்னார், தலைவியும் யோசித்துச் செய் என்றார். போகாமல் இருந்தால் நான் இந்த ஜனங்களோடு இனிமேல் பேசவே முடியாது என்று எனக்குத் தோன்றியது. காரை ரோட்டோரம் விட்டுவிட்டுத் தேயிலைக்கு நடுவே இருந்த படியில் ஏறிப் போனேன்.

அந்தச் சின்ன முன்னறையில் எல்லோரும் இருந்தார்கள். கவிதா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். சரோஜா அவளுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்திருப்பது தெரிந்து முருகையா அடுத்த வீட்டிலிருந்து ஓடி வந்தான். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் தரையிலேயே உட்கார்ந்தேன். லேப் சீட்டு அன்றைக்கே என் மேசையில் இருந்தது, டிங்கி என்று அதில் போட்டிருந்தது, தெரிந்துதான் முருகையாவிடம் இல்லை என்று சொன்னேன் என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். வேறெதையும் சொல்லத் தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, கேட்டால் அவள் மன்னித்தாக வேண்டுமே.

முருகையா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். சரோஜா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். யாரும் திட்டவில்லை. கவிதா அக்கம்பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் சொல்வது போல அமைதியாகப் பேசினாள்.

"எனக்குத் தெரியும்க்கா. பீடோர்ல எங்க அண்ணனுக்கு ஒரு தடவ வந்திருக்கு, கூட இருந்து பாத்தவ நான்தான். மொத நாளு எலும்பெல்லாம் வலிச்சப்பவே சொன்னேன், இது டிங்கி மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு. முருகையா அண்ணன்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரில இருக்கிற அக்காவே இல்லன்னு சொல்லிட்டாங்க, அவங்க நம்ம லைன்ல பொறந்தவங்க, நம்மகிட்டப் பொய் சொல்ல மாட்டாங்கன்னு."

வயிற்றின் மேல் இருந்த கையை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"நானும் சரின்னு படுத்துக்கிட்டேன்க்கா."